உங்கள் ரொட்டீன் என்ன என்று கேட்டால்: கடற்கரை ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு சொல் வழிகாட்டி

தங்கச்சிமடத்தில் மாலை நேரத்தில் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி வகுப்பு எடுக்கிறேன். வருகிறவர்கள் பாம்பன், மண்டபம், வேதாளைப் பக்கத்துப் பிள்ளைகள். கல்லூரி முடித்துவிட்டு வேலை தேடுகிறவர்கள்தான் அதிகம். அவர்களில் ஒரு தம்பி போன வருடம் சென்னையில் ஒரு நிறுவனத்தின் நேர்முகத் தேர்வுக்குப் போனான். "வாட் இஸ் யுவர் டெய்லி ரொட்டீன்?" என்று கேட்டிருக்கிறார்கள். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "எங்கள் வீட்டில் அப்படி ரொட்டீன் எதுவும் இல்லை சார்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டான்.

அதைக் கேட்டதும் எனக்கு மனசே ஆறவில்லை. அவன் அப்பா விசைப்படகில் போகிறவர். அம்மா கருவாடு காயப்போட்டு விற்கிறார். எந்த நாளில் யார் எங்கே இருப்பார்கள், எது முடிந்து எது தொடங்கும் என்பது அந்த வீட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவ்வளவு ஒழுங்காக ஓடுகிற வீட்டுப் பிள்ளை, தன் வீட்டில் ரொட்டீனே இல்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். தப்பு அவன்மேல் இல்லை. ஆறு மணிக்கு எழுவது, ஏழு மணிக்குக் குளிப்பது, ஒன்பது மணிக்குப் பள்ளிக்கூடம் போவது என்று பாடப்புத்தகத்தில் பார்த்தது மட்டும்தான் ரொட்டீன் என்று நாங்கள், அதாவது சொல்லிக்கொடுக்கிறவர்கள், அவன் மனதில் பதியவைத்துவிட்டோம்.

புதிதாக ஆங்கிலம் பேசப் பழகுகிறவர்களுக்காக இந்த ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். அவசரமில்லாமல், ஒவ்வொரு படியாகப் போகலாம்.

முதல் படி: சொல்லுக்குள் இருக்கும் பாதையைப் பாருங்கள்

ரொட்டீன் என்பது 17-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல். பஸ் எந்த 'ரூட்'டில் போகிறது என்று கேட்கிறோமே, அந்த ரூட்டிலிருந்து பிறந்ததுதான் ரொட்டீன். இன்னும் பின்னால் போனால், லத்தீன் மொழியில் 'உடைத்துத் திறந்த வழி' என்ற பொருளில் போய் நிற்கும்.

ஊரிலிருந்து கரைக்கு உடைமரங்களுக்கு நடுவே போகும் ஒற்றையடித் தடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதை யாரும் அளந்து போடவில்லை. கால் பட்டுப் பட்டுத் தானாக விழுந்த தடம். விடியாத இருட்டிலும் முள் மிதிக்காமல் கால் அதில் போய்விடும். ரொட்டீன் என்றால் அதுதான். ஒரு வரிசை இருக்க வேண்டும், அது திரும்பத் திரும்ப வர வேண்டும். மணிக்கணக்கு இருந்தால் இருக்கட்டும், இல்லாவிட்டாலும் அது ரொட்டீன்தான்.

கீழக்கரையில் சுபுஹு முதல் இஷா வரை ஐந்து வேளைத் தொழுகையின் வரிசை ஒருநாளும் மாறாது. நேரம் மட்டும் சூரியனை ஒட்டி வருடம் முழுக்க நகர்ந்துகொண்டே இருக்கும். அதை ஒழுங்கில்லாதது என்று யாராவது சொல்வார்களா? கடலும் அப்படித்தான். ஏற்றமும் வற்றமும் நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். கடல்பாசி எடுக்கப் போகும் பெண்கள் அதைப் பார்த்துத்தான் கிளம்புகிறார்கள். அவர்களுடைய கடிகாரம் நிலா.

சாயல்குடிப் பக்கம் பனையேறுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். பருவம் தொடங்கிவிட்டால் பாளையை விடாமல் சீவிக்கொண்டே இருக்க வேண்டும். விட்டால் பதநீர் நின்றுபோகும். காய்ச்சல் வந்தாலும் மழை வந்தாலும் யாராவது ஒருவர் மரமேறியாக வேண்டும். ரொட்டீன் என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல உதாரணத்தை எந்த ஊர்ப் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை.

இரண்டாம் படி: பக்கத்து வீட்டுச் சொற்களிலிருந்து பிரித்து வையுங்கள்

பழக்கம், வழக்கம், டைம்டேபிள், ரொட்டீன் நான்கையும் பிள்ளைகள் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

பழக்கம் ஒற்றைச் செயல். ஒரு ஆளோடு ஒட்டிக்கொள்வது, பல நேரம் அவருக்கே தெரியாமல் நடப்பது. வெற்றிலை போடுவது பழக்கம், பேசும்போது தலையைச் சொறிவது பழக்கம். ஆங்கிலத்தில் அது 'ஹாபிட்'. ரொட்டீன் பல செயல்கள் கோத்த சரம். எழுந்து, வாசல் தெளித்து, கோலம் போட்டு, உலை வைத்து, பிள்ளையை எழுப்பிவிடுவது ரொட்டீன். அதற்கு நடுவில் எழுந்ததும் ஒரு டம்ளர் கடுங்காப்பி குடிப்பது பழக்கம்.

வழக்கம் என்ற சொல் கொஞ்சம் அகலமானது. ஊர் வழக்கம், குடும்ப வழக்கம் என்று முறைமையையும் சேர்த்துச் சொல்லும். டைம்டேபிள் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுவது. அதன்படி நடந்தாலும் நடக்காவிட்டாலும் அது டைம்டேபிள்தான். நடக்காத ரொட்டீன் என்று ஒன்று கிடையாது.

தமிழில் இதற்கு எந்தச் சொல் சரியாகப் பொருந்தும் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். அன்றாடம், வாடிக்கை, நடைமுறை ஒவ்வொன்றும் ஒரு பக்கத்தைத்தான் பிடிக்கிறது. மண்டபம் அகதிகள் முகாமிலிருந்து வரும் இலங்கைத் தமிழ்ப் பிள்ளை ஒருத்திதான் வகுப்பில் பட்டென்று சொன்னாள்: "வழமை, சார்." அவர்கள் வீட்டில் 'வழமையா என்ன செய்வீங்கள்?', 'வழமை போல வந்தவர்' என்று தினமும் புழங்கும் சொல். யாழ்ப்பாணத்தின் பழைய வழக்காற்றுச் சட்டத்துக்கே தேசவழமை என்றுதான் பெயர். டச்சுக்காரர்கள் 1707 வாக்கில் அதை எழுத்தில் தொகுத்தார்கள். அன்றிலிருந்து எங்கள் வகுப்பில் ரொட்டீனுக்கு வழமைதான். கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் சொல்லை இந்தப் பக்கமும் எடுத்துப் புழங்கினால் நல்லது என்று மனதார நினைக்கிறேன்.

மூன்றாம் படி: எங்கெல்லாம் காதில் விழுகிறது என்று கவனியுங்கள்

இந்தச் சொல் எல்லா இடத்திலும் ஒரே பொருளில் வராது. ஒரு பெயருக்கு முன்னால் அடைமொழியாக வந்தால், 'வழக்கமாக எல்லாருக்கும் செய்வதுதான், பயப்பட ஒன்றுமில்லை' என்று அர்த்தம். இது தெரியாததால் ஒரு வீட்டில் இரண்டு நாள் அழுகைச் சத்தம் கேட்டிருக்கிறேன். மாசமாக இருந்த மகளுக்கு 'ரொட்டீன் டெஸ்ட்' எழுதிக் கொடுத்திருந்தார்கள். அம்மா அதை ஏதோ நோயின் பெயர் என்று நினைத்துவிட்டார். ரத்தம், சர்க்கரை, சிறுநீர் என்று கர்ப்பிணிகள் எல்லாருக்கும் பார்ப்பதுதான் அது. இனி 'ரொட்டீன் செக்கப்' என்று யாராவது சொன்னால் நிம்மதியாகப் போய் வாருங்கள். புதன்கிழமை சுகாதார நிலையத்தில் குழந்தைகளுக்குப் போடும் தடுப்பூசியும் இந்த வகைதான். அதை 'ரொட்டீன் இம்யூனைசேஷன்' என்பார்கள்.

உச்சிப்புளியில் பருந்து கடற்படை விமானத் தளம் இருக்கிறது. அங்கிருந்து விமானம் தலைக்கு மேலே போகும்போதெல்லாம் வெளியூரிலிருந்து வந்தவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு என்ன ஆச்சு என்பார்கள். பெரும்பாலும் அது 'ரொட்டீன் பட்ரோல்', வழக்கமான ரோந்து. கரையில் அடையாள அட்டை கேட்பதும் 'ரொட்டீன் செக்கிங்'. மாதாந்திரப் பராமரிப்புப் பணிக்காக மின்தடை என்று பேப்பரில் வருகிறதே, அது 'ரொட்டீன் மெயின்டனன்ஸ்'.

அதே சொல் சலிப்போடும் வரும். 'இட்ஸ் ஜஸ்ட் ரொட்டீன் ஒர்க்' என்று ஒருவர் சொன்னால், புதிதாக ஒன்றும் இல்லை, செய்ததையே செய்கிறேன் என்று அர்த்தம். 'வாழ்க்கை ரொட்டீனா போயிட்டு இருக்கு' என்று தமிழிலும் அதே தொனியில்தான் சொல்கிறோம். நேர்முகத் தேர்வில் உங்கள் வேலையைப் பற்றிப் பேசும்போது இந்த அடைமொழியைத் தவிர்த்துவிடுங்கள். கேட்கிறவருக்கு உங்களுக்கு வேலையில் விருப்பமில்லை என்று தோன்றிவிடும்.

நடனத்தில், ஜிம்னாஸ்டிக்ஸில் பழகிவைத்த அசைவுத் தொகுப்புக்கும் ரொட்டீன் என்றுதான் பெயர். கம்ப்யூட்டர் நிரலில் ஒரு வேலையை முடிக்க எழுதிவைத்த கட்டளைத் தொகுப்புக்கும் அதே பெயர்தான். இப்போதைக்கு இது போதும்.

நான்காம் படி: போவார் என்பதை 'வில் கோ' ஆக்காதீர்கள்

இதை மட்டும் இரண்டு தடவை வாசியுங்கள். எங்கள் வகுப்பில் பத்தில் ஒன்பது பேர் தடுக்கி விழுவது இங்கேதான், அதற்கு அவர்களுடைய நல்ல தமிழே காரணம்.

'அப்பா திங்கள்கிழமை கடலுக்குப் போவார்' என்று சொல்கிறோம். இதற்கு இரண்டு பொருள் உண்டு. வருகிற திங்கள்கிழமை போகப்போகிறார் என்பது ஒன்று. திங்கள்கிழமை என்றாலே போகிறவர் என்பது இன்னொன்று. தமிழில் எதிர்காலத்தைக் காட்டும் வினைதான் வழமையையும் காட்டும். போவார், எடுப்பார், கழுவுவார், வரும், கிளம்பும் எல்லாம் அப்படியே. யாரும் குழம்புவதில்லை, இடத்தை வைத்துப் புரிந்துகொள்கிறோம்.

ஆங்கிலத்தில் அந்த வேலையைச் செய்வது நிகழ்காலம், அதுவும் சாதாரண நிகழ்காலம். அதனால் மனதுக்குள் போவார் என்று ஓடும்போது வாயில் 'ஹி வில் கோ' என்று வரக்கூடாது. 'ஹி கோஸ்' என்று வர வேண்டும். 'மை ஃபாதர் வில் கோ டு சீ ஆன் மண்டேஸ்' என்பது பிழை. 'மை ஃபாதர் கோஸ் டு சீ ஆன் மண்டேஸ்' என்பதுதான் சரி. சில இடங்களில் 'வில்' என்பதும் வழக்கத்தைச் சொல்லும்தான். ஆனால் புதிதாகப் பழகுகிறவர்கள் அதை ஒரு வருடத்துக்கு மறந்துவிடலாம்.

'ஐ ஆம் வேக்கிங் அப் அட் ஃபைவ்' என்பது இன்னொரு பிழை. எழுகிறேன் என்பதை அப்படியே கொண்டுபோவதால் வருவது. 'ஆம்', 'இங்' இரண்டையும் எடுத்துவிட்டு, 'ஐ வேக் அப் அட் ஃபைவ்' என்று சொல்லிப் பழகுங்கள். அம்மா, அப்பா, தங்கச்சி என்று ஒரே ஒரு ஆளைப் பற்றிச் சொன்னால் வினையின் கடைசியில் 'ஸ்' ஒலி வந்தாக வேண்டும்: கோஸ், வாஷஸ், மென்ட்ஸ். பேசும்போது இந்த 'ஸ்'தான் எல்லாருக்கும் நழுவுகிறது. பத்து வாக்கியம் சத்தமாகச் சொல்லிச் சொல்லித்தான் வரவைக்க முடியும், வேறு குறுக்கு வழி எனக்குத் தெரிந்து இல்லை.

பழைய வழமைக்கு 'யூஸ்ட் டு'. தமிழில் இதற்கும் அதே வினைதான். 'அந்தக் காலத்தில் ரயில் தனுஷ்கோடி வரைக்கும் போகும், அங்கே இறங்கித் தலைமன்னாருக்குக் கப்பல் ஏறுவார்கள்' என்று தாத்தாக்கள் சொல்வார்கள். 1964 டிசம்பர் புயலோடு அது முடிந்துபோனது. அந்த ரயிலுக்குப் போட் மெயில் என்று பெயர். முடிந்துபோன வழமை என்பதால், 'த போட் மெயில் யூஸ்ட் டு கோ டு தனுஷ்கோடி'. போகும் என்ற ஒரே சொல் தமிழில் மூன்று காலத்தையும் சுமக்கிறது என்பதைக் கவனித்தால், இந்தப் பாடமே பிடித்துப்போகும்.

'யூஷுவலி', 'ஆல்வேஸ்' போன்ற சொற்களை வினைக்கு முன்னால் வையுங்கள்: 'ஷி ஆல்வேஸ் ரிட்டர்ன்ஸ் பிஃபோர் நூன்'. 'எவ்ரி டே' என்று தினமும் என்ற பொருளில் எழுதும்போது இரண்டு சொல்லாகப் பிரித்து எழுத வேண்டும். சேர்த்து எழுதினால் அன்றாட என்ற அடைமொழியாகிவிடும்.

ரொட்டீனோடு சேர்ந்து வரும் வினைகள் கொஞ்சம்தான். பழகிக்கொண்டால் 'கெட் இன்டூ', பின்பற்றினால் 'ஃபாலோ', விடாமல் பிடித்துக்கொண்டால் 'ஸ்டிக் டு', தவறவிட்டால் 'பிரேக்'. பனையேறுகிறவர் 'ஸ்டிக்ஸ் டு ஹிஸ் ரொட்டீன்'. மீன்பிடித் தடைக்காலம் முடிந்து முதல் வாரம் தடுமாறுகிறவர் மறுபடியும் 'கெட்ஸ் பேக் இன்டூ த ரொட்டீன்'. 'டூ த ரொட்டீன்' என்று சொல்வதைத் தவிர்த்துவிடுங்கள்.

உச்சரிப்பையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தமிழில் பேசும்போது ரொட்டீன் என்றே சொல்லலாம், எழுதலாம். ஆங்கிலத்தில் பேசும்போது 'ரூ-டீன்' என்று பிரித்து, பின்பாதியான 'டீன்' மீது அழுத்தம் கொடுங்கள். முன்பாதியை அழுத்தினால் ரொட்டி என்ற சொல்தான் முன்னால் வந்து நிற்கும்.

ஐந்தாம் படி: உங்கள் வழமையை எழுதுங்கள்

இப்போது ஒரு நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிடுங்கள். எத்தனை மணிக்கு என்பதை விட்டுவிட்டு, எதற்குப் பிறகு எது என்று மட்டும் தமிழில் எழுதுங்கள். ஆங்கிலம் அப்புறம் வரட்டும்.

எங்கள் கரையில் ஒரே நாளை எழுதினால் போதாது, குறைந்தது இரண்டு நாள் வேண்டும். பாக் நீரிணையில் விசைப்படகுகளுக்குத் திங்கள், புதன், சனி. மற்ற நான்கு நாள் நாட்டுப்படகுகளுக்கு. அப்பா விசைப்படகில் போகிறவர் என்றால், கடலுக்குப் போக அனுமதி டோக்கன் வாங்கிக் கிளம்பும் நாள் ஒன்று, கரையில் இருக்கும் நாள் ஒன்று, இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள். 'ஆன் ஃபிஷிங் டேஸ்', 'ஆன் ஷோர் டேஸ்' என்று இரண்டு தலைப்பு. இதைத்தான் அந்தத் தம்பி சொல்லியிருக்க வேண்டும். வாரத்தின் ஏழு நாளையும் இரண்டு தரப்பும் பிரித்துக்கொண்டு ஒரே கடலில் தொழில் செய்கிறார்கள் என்று எடுத்துச் சொன்னால் எந்த அதிகாரியும் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்பார்.

அதற்கு மேலே வருடம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். அந்த நாள்களின் வழமை வேறு. படகைக் கரையேற்றுவார்கள், பலகை பார்ப்பார்கள், பெயின்ட் அடிப்பார்கள், வலை பின்னுவார்கள். 'டியூரிங் த ஃபிஷிங் பேன், ஹி மென்ட்ஸ் ஹிஸ் நெட்ஸ்' என்று ஒரு வரி. நாட்டுப்படகுக் குடும்பங்களுக்குக் காற்றுக் கணக்கு உண்டு. கச்சான் என்ற தென்மேற்குக் காற்று வீசினால் தென்கடலான மன்னார் வளைகுடா கொந்தளிக்கும், வாடை என்ற வடகிழக்குக் காற்று திரும்பினால் வடகடலான பாக் நீரிணை கொந்தளிக்கும். அதற்கேற்ப இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு வலசை போகிறவர்கள் இருக்கிறார்கள். வீடு மாறுவதுகூட அவர்களுக்கு வழமை.

சின்னப்பாலத்திலிருந்து வரும் ஒரு பிள்ளையின் நோட்டிலிருந்து ஒரு பகுதியை அவளிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். அவள் அம்மா மரிக்கொழுந்துப் பாசி எடுக்கிறவர். முதலில் தமிழில் இப்படி எழுதினாள்: "அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் பக்கத்து நாள்களில் அம்மா பாசிக்குப் போவார். விடியுமுன் சோறு கட்டிக்கொள்வார். படகில் ஏறுவார். விரலில் துணி சுற்றுவார். கண்ணாடி மாட்டிக்கொண்டு முங்குவார். வந்ததும் பாசியைக் காயப்போடுவார். மற்ற நாளில் போகமாட்டார், பாசி வளரவேண்டும்."

இந்தக் கடைசி வரியில்தான் விஷயம் இருக்கிறது. மாதத்தில் 12 நாள்தான் எடுப்பது என்று அந்தப் பெண்களே தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். சின்னப்பாலத்தின் லட்சுமி மூர்த்திக்கு 2015-இல் அமெரிக்காவில், தீவுகளின் சுற்றுச்சூழலைக் காக்கிறவர்களுக்கான சீகாலஜி பரிசு கொடுத்தார்கள். பாசி எடுக்கும் பெண்களின் உரிமைக்காக முன்னால் நின்றவர் அவர். போகாத நாளும் வழமையில் சேர்த்திதான். அதனால் 'ஷி டஸ் நாட் கோ' என்ற வாக்கியத்தையும் கட்டாயம் எழுதவைக்கிறேன்.

தமிழில் முடிந்ததும் ஒவ்வொரு வரியாக ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள். போவார் என்பது 'கோஸ்', சுற்றுவார் என்பது 'ராப்ஸ்', முங்குவார் என்பது 'டைவ்ஸ்'. ஒரு வரிக்கு ஒரு வினை போதும். வரிகளைக் கோக்க 'ஃபர்ஸ்ட்', 'தென்', 'ஆஃப்டர் தட்' போதும். எல்லாவற்றையும் 'அண்ட்' போட்டு இழுக்காதீர்கள். ஆறேழு வரியில் முடித்துவிடுங்கள். நேர்முகத் தேர்வில் அதற்கு மேல் கேட்க யாருக்கும் நேரம் இருக்காது.

நேர்முகத் தேர்வு என்றால் உங்களைப் பற்றித்தான் கேட்பார்கள், வீட்டைப் பற்றி இல்லை. அதனால் கடைசி இரண்டு வரி உங்களுடையதாக இருக்கட்டும். கரையில் அப்பாவுக்கு மீன் பெட்டி ஏற்ற உதவுவது, பிறகு கணக்கு எழுதுவது, பிறகு மாலையில் வகுப்புக்கு வருவது. இதை மறைக்க வேண்டியதில்லை. விடியற்காலையில் எழுந்து மூன்று வேலை முடித்துவிட்டுப் படிக்க வருகிற பிள்ளை, அதை வாய்விட்டுச் சொல்லவும் வேண்டும்.

எழுதி முடித்ததும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. தமிழில் எழுதியதை வீட்டில் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். அந்தச் சின்னப்பாலத்துப் பிள்ளை வாசித்தபோது அவள் அம்மா நடுவிலேயே நிறுத்திவிட்டாராம். "துணி சுத்துறது படகுல போறப்பவா? இல்ல புள்ள, கரையிலயே சுத்திருவோம், அப்புறந்தான் ஏறுவோம். மாத்தி எழுது." மறுநாள் வகுப்புக்கு வந்தபோது நோட்டில் அந்த இரண்டு வரியும் அம்புக்குறி போட்டு இடம் மாறியிருந்தன.